பொன்னுத்தங்கம் ஒட்டிய பிழைதிருத்தம்

"மன்னிச்சு விட்ருத்தா" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பொன்னுத்தங்கத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "எதுக்கு மன்னிக்கணும்? அவுக செய்வாகளாம், நாம மன்னிப்போமாம். நல்லாருக்கே நியாயம்!" என்பாள். சிவகாசியில் ஓர் அச்சாபீசில் பைண்டிங் வேலை அவளுக்கு. மேஸ்திரி என்று யாரும் பட்டம் கட்டவில்லை. ஆனால் அங்கே வேலை பார்த்த இருபது பெண்களும் அவள் ஒரு பார்வை பார்த்தால் வாயை மூடிக்கொண்டு தாள் மடிப்பார்கள். முதலாளிகூட அவளைக் கூப்பிடும்போது குரலைக் கொஞ்சம் தணித்துத்தான் கூப்பிடுவார்.

பிறந்தது வடக்கே, காரியாபட்டியையும் தாண்டி, குருந்தங்காடு என்கிற சின்ன ஊர். பதினெட்டு வயதில் நாரணாபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள். வந்த மறுவாரமே தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டப் போனாள், அப்புறம் அச்சாபீஸ். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் ஃபாரத்தில் படித்ததுதான். பதினாறு பக்கம் அச்சான பெரிய தாளை மூன்று மடிப்பு மடித்தால் ஒரு ஃபாரம். காலையிலிருந்து அஞ்சாம் ஃபாரத்தையே மடித்துக்கொண்டிருந்தால் ஒரு கதையின் நடுப்பக்கம் மட்டும் மனப்பாடம் ஆகிவிடும். முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆனது, ஒன்றும் தெரியாது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை.

ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, பல்லைக் கடித்துக்கொண்டு, நாலு தடவை வாசித்திருந்தாள். அதை எழுதியவர் ரத்தினசாமி.

ரத்தினசாமிக்குப் பட்டாசுக் கம்பெனி இருந்தது. அது போதாதென்று சரித்திரப் பித்தும் இருந்தது. கல்வெட்டு, நடுகல், பழைய ஊர்ப்பெயர் என்று எங்கேயாவது கேள்விப்பட்டால் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படித்தான் தொண்ணூற்று எட்டிலும் ஒன்பதிலும், இரண்டு கோடைக்குக் குருந்தங்காட்டுக்கு வந்தார். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்லச்சாமியைப் பிடித்தார். செல்லச்சாமி, பொன்னுத்தங்கத்தின் அப்பா.

அந்த முள்காட்டில் செல்லச்சாமிக்குத் தெரியாத புதர் கிடையாது. நரி எங்கே குட்டி போடும், கௌதாரி எந்த ஓடையில் இறங்கும், எந்தக் கல் சும்மா கல், எந்தக் கல் செத்துப்போன வீரனுக்கு நட்ட கல், எந்தக் குடும்பம் எந்தப் பஞ்சத்தில் எங்கிருந்து வந்து குடியேறியது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. வெயில் என்று பார்க்காமல் ரத்தினசாமியைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். பங்குனிக் கோயில் கொடைக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த பொன்னுத்தங்கம் அதைக் கண்ணாலேயே பார்த்தாள். ரத்தினசாமி கட்டிலில் உட்கார்ந்து டைரியில் எழுதுவார். அப்பா தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மா செம்பு செம்பாகக் கம்பங்கூழ் கரைத்துக் கொடுப்பாள்.

காட்டுக்குள்ளே ஐயனார் கோயில் ஒன்று. கோயில் என்றால் கதவு, பூட்டு ஒன்றும் கிடையாது. ஒரு குருந்த மரம், அடியில் மூன்று கல், கிளையில் ஒரு வெண்கல மணி. எந்தக் காலத்து மணியோ. அதன் விளிம்பில் ஒரு விரிசல். மேற்கொண்டு விரியாமல் இருக்க அப்பாதான் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். ரத்தினசாமி இரண்டாம் கோடைக்கு வந்து போன பிறகு அந்த மணியைக் காணோம். செல்லச்சாமி ஒரு மாதம் சோறு தண்ணி இறங்காமல் தேடினார். அவர் மனசில் ரத்தினசாமி மேல் துளி சந்தேகம் வரவில்லை பாருங்கள், அதுதான் கொடுமை! "படிச்ச மனுசன், கார் வச்சிருக்கிறவரு, அவருக்கு எதுக்குத்தா ஓட்டை மணி?" என்றார்.

இரண்டாயிரத்து ஒன்றில் புத்தகம் வந்தது. 'வடகாட்டுக் குடிகள்' என்று பெயர். வடக்குச் சீமையின் வரலாறு, காடு, மக்கள் என்று மூன்று பாகம். செல்லச்சாமி சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. ஆனால் எல்லாம் ரத்தினசாமியே கண்டுபிடித்ததாக இருந்தது. செல்லச்சாமி பெயர் வந்தது ஒரே இடத்தில், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்: 'எனக்கு வழிகாட்ட வந்த செல்லச்சாமி என்பவன், கோயில் மணியை விற்றுக் குடித்தவன் என்று பின்னர் அறிந்து வருந்தினேன்.'

செல்லச்சாமி வாழ்க்கையில் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. அது ஊருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஊர்ப்பெரியவர் பெத்தணன் ஊர் கூடும் மந்தையில் வைத்து அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "புஸ்தகத்துலயே போட்ருக்கே! பொய்யா இருந்தா அச்சடிப்பாகளா?" என்று முடித்துவிட்டார். அச்சில் வந்துவிட்டால் அந்த ஊருக்கு அது சாமி வாக்கு. அடுத்த பங்குனிக் கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி பிரித்தவர்கள், செல்லச்சாமி வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். ஊர் ஒருத்தனிடம் வரி வாங்கவில்லை என்றால் அவன் ஊரில் இல்லை என்று அர்த்தம். கையில் ரூபாய் நோட்டை மடித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் வாசலிலேயே நின்றாராம் செல்லச்சாமி.

அப்புறம் மூன்று வருசம்தான் இருந்தார். ஐப்பசி மழையில் செத்துப்போனார். ஊரில் இருந்து ஒரு ஆள் வரவில்லை. சிவகாசியிலிருந்து வேன் பிடித்துப் போன பைண்டிங் பெண்களும் அவர்கள் வீட்டு ஆம்பளைகளும்தான் பாடை கட்டினார்கள், தூக்கினார்கள், குழி வெட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் பொன்னுத்தங்கம் நடுத்தெருவில் நின்று மண்ணை வாரி வாரித் தூற்றினாள். ஊருக்கு ஒரு கை, ரத்தினசாமிக்கு இரண்டு கை.

இது நடந்து இரண்டு வருசம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, முதலாளி சந்தோசமாக வந்து சொன்னார்: "ரத்தினசாமி அண்ணாச்சி புஸ்தகம் நமக்குத்தான். ரெண்டாம் பதிப்பு. ஆயிரம் காப்பி. நல்லா செஞ்சு குடுங்கம்மா."

பொன்னுத்தங்கத்துக்குக் காது அடைத்துவிட்டது. ஒன்பதாம் ஃபாரம் மெசினிலிருந்து இறங்குகிற வரைக்கும் பொறுத்திருந்தாள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் அதில்தான் வரும். தாளை உருவி வாசித்தாள். பழைய வரி அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்: 'அவன் நாதியற்று இறந்ததாகக் கேள்வி.'

"நாதியத்தா?" என்றாள் சத்தமாக. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த வீரலட்சுமி திடுக்கிட்டுப் பார்த்தாள். "நீங்க இருபது பேரும் வந்து தூக்குனீகளே, நீங்க யாரு? நாதி இல்லையா? கொள்ளையில போறவன்! அவனை நான் என்ன செய்யப்போறேன் பாரு."

என்ன செய்வதென்று அவளுக்கு அப்போது தெரியாது. ஆயிரம் ஃபாரத்தையும் கழிவுத்தாளோடு சேர்த்து நாரணாபுரத்துக்கு அனுப்பி, வெடிக்குக் குழாய் உருட்டக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தாள். அச்சாபீஸ் கழிவெல்லாம் அங்கேதான் போகும். ஆனால் அவர் மறுபடி அடித்துக்கொள்வார். தாளுக்கா பஞ்சம் அவரிடம்? அவருக்கு வலிக்காது. அவருக்கு வலிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் வலிக்க வேண்டும்.

அந்த வாரமே அட்டை மாதிரியைக் காட்டிவரச் சொல்லி முதலாளி அவளை ரத்தினசாமி வீட்டுக்கு அனுப்பினார். அவர் இல்லை. அவர் மனைவி பேச்சியம்மாள், "உக்காரும்மா, இப்ப வந்துருவாக, காப்பி குடிக்கியா?" என்று தன்மையாகக் கேட்டுவிட்டு உள்ளே போனார். பொன்னுத்தங்கம் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கண்ணாடி அலமாரி. அதற்குள்ளே பட்டுத்துணி விரித்து, அதன் மேல் மணி. விளிம்பில் செம்புக் கம்பி. அப்பா கம்பியை முறுக்கினால் கடைசி முறுக்கை உள்பக்கமாக மடக்கிவிடுவார், ஆட்டுக்குட்டி காலில் குத்தக் கூடாதென்று பழகிய பழக்கம். அந்த முறுக்கும் அப்படியே இருந்தது.

"அது அவுக காட்டுல இருந்து கொண்டாந்தது. எட்டு வருசத்துக்கு மேல ஆச்சு" என்றார் காப்பியோடு வந்த பேச்சியம்மாள். பாவம், அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பொன்னுத்தங்கம் காப்பியைத் தொடவில்லை. "வயிறு சரியில்லம்மா" என்றாள்.

அவர் எடுத்தார். எடுத்ததை அப்பா தலையில் கட்டினார். அதை அச்சிலும் போட்டார். போலீசுக்குப் போனால் யார் கேட்பார்கள்? பைண்டிங்காரி சொல்லுக்கு என்ன மதிப்பு? ஊருக்குப் போய்ச் சொன்னால் பெத்தணன் திருப்பி என்ன கேட்பார் என்பதும் தெரியும்: "புஸ்தகத்துல அப்படிப் போட்ருக்கா?"

வழி பத்து நாள் கழித்துத் தானாக வந்து நின்றது. புத்தகம் தைத்து, அட்டை போட்டு, மூன்று பக்கமும் வெட்டி அடுக்கிய பிறகு ரத்தினசாமி நாலு பிழை கண்டுபிடித்தார். ஒரு வருசக்கணக்கு தப்பு, இரண்டு படத்துக்குக் கீழே பெயர் மாறிக் கிடந்தது, ஓர் ஊர்ப்பெயர் விட்டுப்போயிருந்தது. வேறென்ன செய்ய? வழக்கம்போல ஒரு துண்டுச்சீட்டில் பிழைதிருத்தம் அடித்து முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். பதிப்புக்குப் பதிப்பு இது நடப்பதுதான். சீட்டில் இருப்பது ஆசிரியர் வாக்கு. புத்தகத்துக்குள் என்ன இருந்தாலும் சீட்டில் சொன்னதே செல்லும்.

ஆயிரம் சீட்டும் அடித்து பொன்னுத்தங்கம் கைக்கு வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் சிரித்தாள். இரண்டு வருசத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் வீரலட்சுமி பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாரிக்கண்ணன் ஒரு சின்ன நோட்டீஸ் கடை வைத்திருந்தான். காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவனிடம்தான் அடிப்பார்கள். பொன்னுத்தங்கம் எழுதிக் கொண்டுபோன தாளை வாசித்துவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, இது வம்புல்ல?"

"கண்ணீர் அஞ்சலி அடிக்கேல்ல? அதுமாதிரி நெனச்சு அடி."

"யாருக்குக்கா அஞ்சலி?"

"ரத்தினசாமி மானத்துக்கு."

அதே அளவு, அதே எழுத்து, அதே மஞ்சள் தாள். முதல் பத்துக் காப்பிக்கு ரத்தினசாமியின் சீட்டை ஒட்டி அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மிச்சத்துக்கு மாரிக்கண்ணன் அடித்த சீட்டை எடுத்து வைத்தாள். பெண்கள் பசையைத் தொட்டுக்கொண்டே வாசித்தார்கள். வீரலட்சுமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யக்கா, நம்ம அம்புட்டுப் பேர் வேலையும் போயிரும்."

"ஏன் போகுது? பொன்னுத்தங்கம் குடுத்தா, ஒட்டுனோம்னு சொல்லுங்க. எழுத்து வாசிக்கத் தெரியாதுன்னுருங்க."

"இருபது பேருக்கும் தெரியாதா?"

"ஆமா. இருபது பேருக்கும் தெரியாது."

வீரலட்சுமி பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "எனக்கு எங்கத்தா எழுத்துத் தெரியும்?" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் ஒட்டி முடித்துவிட்டார்கள். அசல் சீட்டுக் கட்டு கழிவோடு குழாய் உருட்டப் போய்ச் சேர்ந்தது.

வெளியீட்டு விழா ஞாயிற்றுக்கிழமை காலை, விருதுநகரில், ஒரு கல்யாண மண்டபத்தில். புத்தகக் கட்டை இறக்கி, வாசலில் மேசை போட்டு விற்கப் பொன்னுத்தங்கமே வந்திருந்தாள். குருந்தங்காட்டுக்கும் அழைப்பிதழ் போயிருந்தது. அனுப்பியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 'தங்கள் ஊரைப் பற்றிய முக்கிய அறிவிப்பு உண்டு' என்று கையால் எழுதி அனுப்பியிருந்தாள். பெத்தணன் பன்னிரண்டு பேரோடு வேனில் வந்து இறங்கினார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

மேடையில் ரத்தினசாமி சந்தனப் பொட்டும் மாலையுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய அதிகாரி. நூலைப் பற்றிப் பேச வந்தவர் நாகையா, ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். எதையும் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறவர். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, மேடையில் பிரித்த கட்டிலிருந்து ஒரு காப்பியை எடுத்து விரித்தார். "பிழைதிருத்தம்" என்று வாசித்தார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"பக்கம் இருபத்தொன்று. 'நான் கண்டுபிடித்த நடுகல்' என்பதைச் 'செல்லச்சாமி எனக்குக் காட்டிய நடுகல்' என வாசிக்கவும்." நாகையா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பக்கம் அறுபத்து நான்கு. 'கட்டுவிரியனை அடித்துக் கொன்றேன்' என்பதை, 'கட்டுவிரியனைக் கண்டதும் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். செல்லச்சாமிதான் அதைக் கம்பால் தூக்கி அப்பால் விட்டார்' என வாசிக்கவும்."

மண்டபமே சிரித்தது. ரத்தினசாமியும் என்னவென்று விளங்காமல் கூடச் சேர்ந்து சிரித்தார். மடியிலிருந்த தன் காப்பியைப் பிரித்துப் பார்த்தார். அதில் அவர் எழுதிய சீட்டு சமர்த்தாக ஒட்டியிருந்தது.

நாகையாவுக்கு இப்போது குரல் மாறிவிட்டது. "பக்கம் நூற்று நாற்பத்து மூன்று. 'மணியை விற்றுக் குடித்தவன்' என்பதைப் பின்வருமாறு வாசிக்கவும். கோயில் மணியை எடுத்து வந்தவன் நானே. அது என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் உள்ளது. இவ்விழா முடிந்ததும் ஊராரிடம் ஒப்படைப்பேன். நான் சுமத்திய பழியோடு இறந்த பெரியவர் செல்லச்சாமி அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இப்படிக்கு, நூலாசிரியர்."

பொன்னுத்தங்கம் வாசலில் நின்றபடி ரத்தினசாமி முகத்தையே பார்த்தாள். அதில் ரத்தம் வடிந்து போவதை ஒரு சொட்டு விடாமல் பார்த்தாள். அப்பா வாசலில் நின்றாரே ஒரு நாள் முழுக்க, இப்படித்தானே அவருக்கும் இருந்திருக்கும்!

நாகையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, எத்தனை எழுத்தாளனுக்கு வரும் இந்த மனசு? தன் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தன் தப்பை ஒட்டி வைத்திருக்கிறாரே!" என்று சொல்லிக் கைதட்டினார். அதிகாரி எழுந்து தட்டினார். அப்புறம் கேட்க வேண்டுமா? மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது. குருந்தங்காட்டு ஆட்கள் முதலில் திகைத்து நின்று, அப்புறம் மேடைக்கு ஓடினார்கள். அதிகாரி ரத்தினசாமியின் தோளில் கையைப் போட்டு, "மணியை இப்பவே போய் எடுத்துக் குடுத்துருவோம். நானும் வர்றேன்" என்றார்.

அந்த நேரத்தில் ரத்தினசாமி "நான் எழுதலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், எது பொய் என்று கேட்பார்கள். மணி வீட்டில் இருக்கிறது. பேச்சியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, "ஆமா, அலமாரியிலதான் இருக்கு" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தினசாமி மைக்கைப் பிடித்தார். "செல்லச்சாமி... பெரியவர்..." என்றார். அதற்கு மேல் குரல் வரவில்லை. மனசு உருகிவிட்டதாக நினைத்துக் கூட்டம் இன்னொரு தரம் தட்டியது.

மதியத்துக்குள் மணி வேன் ஏறிவிட்டது. அதற்கு முன்னால், மண்டபத்திலிருந்து கிளம்பும்போதே பெத்தணன் பொன்னுத்தங்கத்திடம் வந்து, "தாயி, புஸ்தகத்துல அப்படிப் போட்டிருந்துச்சு, அதான்..." என்று இழுத்தார்.

"இப்ப இப்படிப் போட்ருக்கில்ல, போங்க" என்றாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு எதற்கு முகம்?

மறுநாள் காலை பத்து மணிக்கு ரத்தினசாமி அச்சாபீசுக்குள் நுழைந்தார். நேராகப் பைண்டிங் பக்கம் வந்தார். முதலாளி பின்னாலேயே ஓடிவந்தார்.

"சீட்டை மாத்துனது யாரு?"

"நான்தான்" என்றாள் பொன்னுத்தங்கம். கையில் பசை. எழுந்திருக்கவில்லை.

"நீ யாரு?"

"செல்லச்சாமி மக."

ரத்தினசாமி கத்தினார். "உன்னை உள்ள தள்ளிருவேன். கள்ளக் கையெழுத்து, மோசடி! யாருன்னு நெனச்ச என்னை?"

"தள்ளுங்க அண்ணாச்சி. என்னன்னு எழுதிக் குடுப்பீக? மணியை நீங்க எடுத்தீகன்னு நான் பொய்யா அடிச்சேன்னா? மணி நேத்தே போயிருச்சே. அதிகாரியே கூட வந்து எடுத்துக் குடுத்தாரே." அவள் மேசையிலிருந்து ஒரு மஞ்சள் தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "வேணும்னா இன்னொரு திருத்தம் அடிப்போம். 'அந்தச் சீட்டு நான் எழுதினதில்லை. நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கலை. நேத்துக் கைதட்டுனவுக அம்புட்டுப் பேரும் தட்டுனதைத் திருப்பி வாங்கிக்கிடுங்க.' இப்படிப் போடுவோமா? வாசகத்தை நீங்க சொல்லுங்க. ஒரு காப்பி விடாம நானே ஒட்டுறேன்."

பெண்கள் இருபது பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். ரத்தினசாமி தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி, பசை காயுது."

அவர் திரும்பி நடந்தார். முதலாளி அவரை வாசல் வரைக்கும் கெஞ்சிக்கொண்டே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, பொன்னுத்தங்கத்தின் கணக்கை முடித்து அனுப்பினார். அவள் கையைக் கழுவினாள், சாப்பாட்டுத் தூக்கை எடுத்தாள். வீரலட்சுமி வாசலில் வந்து அழுதாள். "வேலையும் போச்சேக்கா. இதுல உனக்கு என்னக்கா மிச்சம்?"

"அவன் புஸ்தகம் எழுதுறதை விடமாட்டான், பித்துப் பிடிச்சவன்" என்றாள் பொன்னுத்தங்கம். "மூணாம் பதிப்பு போடுவான். அப்ப திருத்தத்தை எல்லாம் உள்ள சேத்துத்தான அடிக்கணும்? ஊரே கேட்டிருக்கு, விட்டுட முடியாது. எங்கப்பா பேரை அவன் கையால எழுதி, அவனே புரூஃப் பார்த்து, அவன் காசுல அடிக்கட்டும். நான் ஒட்ட வேண்டியதில்ல."